கர்ப்பிணிக்கு ஹெராயின் பழக்கம் இருந்தால், உடனே நிறுத்தச் சொல்லாமல் மாற்று மருந்து தருவது ஏன்?

ஹெராயின் போன்ற ஓபியாய்டுக்கு (அபின் வகைப் பொருளுக்கு) பழகிய உடல், அது கிடைக்காதபோது நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தவிக்கும். இதுதான் விலகல் அறிகுறி. கர்ப்பிணி திடீரென நிறுத்தினால் கருவும் அந்தத் தவிப்பில் சிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, தாங்க முடியாமல் அவர் மறுபடி போதைக்கே திரும்புவது. அதனால்தான் மருத்துவக் கண்காணிப்பில் மெத்தடோன் அல்லது புப்ரெநார்ஃபின் தருகிறார்கள்; இவையும் ஓபியாய்டுகளே, ஆனால் நீண்ட நேரம் சீராக வேலை செய்து தவிப்பை அடக்கிவைப்பவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2014 வழிகாட்டுதலும் இதையே பரிந்துரைக்கிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் வீட்டில் ஸ்டெபிலைசர் செய்யும் வேலைதான் இது.

'குழந்தை போதைக்கு அடிமையாகவே பிறக்கும்' என்பார்கள். தவறு. பிறந்த சில நாட்களில் நடுக்கமும் ஓயாத அழுகையும் வரலாம். அது கவனிப்பிலும் சிகிச்சையிலும் சரியாகிவிடும் விலகல் அறிகுறி, அடிமைத்தனம் அல்ல.