நீண்ட ரயில் பயணத்தில் உங்களால் மறக்க முடியாத மனிதர் யார்? அப்போது என்ன சாப்பிட்டீர்கள்?

சைபீரிய நகரமான கிராஸ்னயார்ஸ்கில் இறங்கிப்போன ஒரு ரஷ்யப் பாட்டி. அவரோடு சாப்பிட்டது கறுப்பு ரொட்டியும் என் அம்மாவின் புளிக்காய்ச்சலும்.

2016 ஜூலையில் மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரை போனேன். ரஷ்யாவை மேற்கிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை கடக்கும் டிரான்ஸ் சைபீரியன் ரயில் பாதை, 9,288 கிலோமீட்டர், ஏழு நாள். நான் மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவன். மே மாதம் வந்தால் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்குப் போய்வருகிற குடும்பம். ரயில் என்றாலே எங்களுக்குச் சோற்று மூட்டையும் சேர்த்துத்தான். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி முதல் நாளுக்கு, புளிச்சோறு மறுநாளுக்கு. எதிரில் இருப்பவருக்கு ஒரு கை எடுத்து வைக்காமல் அம்மா பொட்டலத்தைப் பிரித்ததே இல்லை. ரஷ்யா என்றதும் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் புளிக்காய்ச்சல் காய்ச்சி, எண்ணெய் மேலே மிதக்க மூடித் துணி சுற்றிக் கட்டினார். "சோறு அங்கே கிடைக்காமலா போகும், ஐயா" என்றார்.

கிடைக்கவில்லை. ரயிலில் என் கையில் இருந்தவை வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் நூடுல்ஸ் டப்பாக்கள் மட்டுமே.

நான் எடுத்தது மூன்றாம் வகுப்பு டிக்கெட். பிளாட்ஸ்கார்த் என்கிறார்கள். பார்த்ததும் நம்முடைய ஸ்லீப்பர் பெட்டிக்குள் நுழைந்ததுபோல இருந்தது: ஒன்பது பகுதிகள், கதவு கிடையாது, நடைபாதை ஓரத்திலும் படுக்கை. நடுப் படுக்கை மட்டும் இல்லை. அதனால் நம்மிடம் 72 பேர் படுக்கும் இடத்தில் அங்கே 54 பேர். கதவைச் சாத்திக்கொண்டு நான்கு பேர் போகும் இரண்டாம் வகுப்பு அறை வசதியானதுதான். ஆனால் என்னைக் கேட்டால் பிளாட்ஸ்கார்த்தில்தான் போகச் சொல்வேன். மறைத்து வைத்துச் சாப்பிட அங்கே இடமே இல்லை.

எனக்கு மேல் படுக்கை. ஜன்னலோர மேசை, வழக்கப்படி, கீழ்ப் படுக்கைக்காரருடையது. கீழே பாட்டி. மாஸ்கோவில் மகள் வீட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார் என்பது பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டியதில் புரிந்தது. வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்தில் மேசைமேல் துணி விரித்தார். வறுத்த கோழி, அவித்த முட்டை, வெள்ளரிக்காய், கம்பு நிறத்தில் கனமான புளித்த ரொட்டி, ஒரு ஜாடி ஜாம். எல்லாம் மகள் கட்டிக் கொடுத்தவை. என் நூடுல்ஸ் டப்பாவைப் பார்த்தார். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தன் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

எங்களிடையே மொழி இல்லை என்று நினைத்தேன். பெட்டியின் முனையில் இரவும் பகலும் கொதிக்கும் வெந்நீர்க் கலன் ஒன்று இருக்கிறது, காசு கிடையாது. பெட்டியைக் கவனிக்கும் பெண் ஊழியர், ப்ரவோத்னித்சா, உலோகப் பிடிக்குள் கண்ணாடித் தம்ளரை வைத்துத் தருவார். பாட்டி தம்ளரை நீட்டி "சாய்" என்றார். சர்க்கரைக் கட்டியைக் காட்டி "சாகர்" என்றார். மராத்தியில் சர்க்கரை 'சாகர்'தான்! எங்கள் தெருக் கடையில் சிறுவயது முழுவதும் கேட்டு வாங்கிய சொல். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குக் கூச்சம் முழுக்கப் போய்விட்டது.

பாட்டிலை எடுத்துத் திறந்தேன். வெந்தயமும் பெருங்காயமும் மணந்ததில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாட்டி ரொட்டித் துண்டின் நுனியில் துளி தடவி வாயில் வைத்தார். காரம் ஏறி இருமினார், கண் கலங்கியது. பயந்துபோய்த் தண்ணீரை நீட்டினேன். அவர் தண்ணீரை விலக்கிவிட்டு இன்னொரு துண்டு ரொட்டி வெட்டினார். அந்த ரொட்டியிலேயே ஒரு புளிப்பு உண்டு. புளிக்காய்ச்சலை அது தாங்கிப் பிடித்தது. சோற்றுக்கு அடுத்தபடியாக அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்றுவரை சாப்பிட்டதில்லை.

மறுநாள் ஒரு சிறிய நிலையத்தில் பெண்கள் வாளியில் துணி மூடி அவித்த உருளைக்கிழங்கு விற்றார்கள். மேலே வெண்ணெயும், மும்பைச் சந்தையில் ஷேப்பு என்று விற்கும் சதகுப்பைக் கீரையும். அதிலும் புளிக்காய்ச்சலைப் பிசைந்து பாட்டிக்கும், ராணுவ சேவை முடிந்து வீடு திரும்பும் ஓரப் படுக்கைப் பையனுக்கும் கொடுத்தேன். அவன் தட்டை ரொட்டியால் துடைத்துத் தின்றான்.

அப்போது நிலையக் கடிகாரங்கள் எல்லாம் பாதை நெடுக மாஸ்கோ நேரத்தையே காட்டின. கிராஸ்னயார்ஸ்க் பக்கம் வரும்போது நான்கு மணி நேர வித்தியாசம். கடிகாரத்தில் காலை எட்டு, வெளியே உச்சி வெயில். எப்போது பசிக்க வேண்டும் என்றே தெரியாது. பாட்டி துணி விரித்தால் அதுதான் சாப்பாட்டு நேரம்.

மூன்றாம் நாள் அவர் இறங்கவேண்டும். மீதிப் புளிக்காய்ச்சலைப் பாட்டிலோடு அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். அதைத் தன் டப்பாவுக்கு மாற்றினார். காலிப் பாட்டிலைக் கொதிகலனிடம் கொண்டுபோய் வெந்நீரில் இரண்டு முறை அலசினார். தன் ஜாடியிலிருந்த கருந்திராட்சை நிற ஜாமை அதில் கழுத்து வரை நிரப்பி என் கையில் வைத்தார். கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவர் வீட்டில் யார் சொன்னார்களோ. பெட்டியைத் தூக்கிக் கீழே இறக்கிக் கொடுத்தேன். கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் பாதையில் பைக்கால் ஏரி வந்தது. ஸ்லூத்யங்கா நிலையத்தில் புகையில் வாட்டிய ஓமுல் மீன் வாங்கினேன். கருவாட்டு உப்பு இல்லை, எண்ணெய் கசியும் மென்மையான சதை. நல்ல மீன். பையனோடு காகிதம் விரித்துச் சாப்பிட்டேன். கீழ்ப் படுக்கையில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாதி ஜாம் தாராவி வந்து சேர்ந்தது. அம்மா தோசைக்குத் தொட்டுப் பார்த்தார். "அந்த அம்மாளுக்குக் காரம் ஒத்துக்கொண்டதா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாட்டில் இன்னும் எங்கள் அடுக்களை அலமாரியில் இருக்கிறது. இப்போது மறுபடியும் புளிக்காய்ச்சல்தான் அதில்.