குரலில்லாத இசைத்தட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ப்ளூஸ் இசை பற்றிய உங்கள் குறிப்புகள் வழியாகவே பிரிட்டிஷ் கிடார் கலைஞர் பீட்டர் க்ரீனை அறிந்தேன். ஃப்ளீட்வுட் மேக் குழுவில் அவர் இருந்த காலத்துப் பாடல்களை எல்லாம் கேட்டுவிட்டு, குழுவை விட்டு விலகியபின் 1970இல் அவர் வெளியிட்ட முதல் தனி ஆல்பமான ‘தி எண்ட் ஆஃப் தி கேம்’ பக்கம் சென்ற வாரம் வந்தேன். பெரும் ஏமாற்றம். பாட்டு இல்லை, மெட்டு இல்லை, தொடக்கமும் முடிவும் இல்லை. ஒரு மேதை பைத்தியமாகிக்கொண்டிருப்பதன் ஒலிப்பதிவு என்றே எனக்குத் தோன்றியது. மியூனிக்கில் அவர் எடுத்துக்கொண்ட எல்எஸ்டி என்னும் போதைமருந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்கிறார்கள். அவருடைய கிடாரின் தனித்த ஒலிக்குக் காந்தம் தலைகீழாகப் பொருத்தப்பட்டதே காரணம் என்றும் வாசித்தேன். அவருடைய பிற்காலத் தனி ஆல்பங்களில் எதிலிருந்து தொடங்கலாம்? அல்லது இத்துடன் நிறுத்திக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில வாரங்களாக நானும் இந்த இசைத்தட்டையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் உங்கள் கடிதத்துக்கு இத்தனை விரைவில் பதில் வந்திருக்காது.

காந்தத்தை முதலில் முடித்துவிடுவோம். க்ரீன் வைத்திருந்த 1959ஆம் ஆண்டு லெஸ் பால் கிடாரில், கம்பியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்கள் இரண்டில் ஒன்றின் காந்தம் திரும்பியிருந்தது உண்மைதான். இரண்டு பிக்கப்களையும் சேர்த்து வாசிக்கும்போது ஒலி சற்று மூக்கடைத்ததுபோல வரும். அந்தக் கிடாரை அவர் கேரி மூர் என்ற கிடார் கலைஞருக்கு விற்றார். இன்று அது மெட்டாலிகா ராக் குழுவின் கிர்க் ஹேமட்டிடம் இருக்கிறது. காந்தமும் கூடவே போயிற்று, பீட்டர் க்ரீன் போகவில்லை. இதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை. மியூனிக் கதைக்குள்ளும் நான் நுழையப்போவதில்லை. ஓர் இரவில் ஒரு மனிதன் முடிந்துபோனான் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பின் அவன் செய்த எதையும் காதுகொடுத்துக் கேட்கவேண்டிய பொறுப்பு நமக்கு இல்லாமல் போகிறது. அந்தக் கதை இத்தனை ஆண்டுகளாக விலைபோவது அதனால்தான்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்தியது ‘பைத்தியம்’ என்ற சொல். அதை நீங்கள் அலட்சியமாகவே எழுதியிருக்கிறீர்கள், கொடூரமாக அல்ல. அலட்சியம்தான் எனக்குக் கூடுதல் எரிச்சலைத் தருகிறது. எழுபதுகளின் நடுவில் அவருக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள், மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் அளித்தார்கள். அது துயரமான உண்மை. ஆனால் அந்தப் பெயரை எடுத்துவந்து சில ஆண்டுகளுக்கு முன்பு வெளியான ஓர் இசைத்தட்டின்மீது ஒட்டுவதற்கு உங்களுக்கு உரிமை கொடுத்தவர் யார்?

என் சித்தப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில், சேர்த்துவைத்த பணத்தில் வாங்கிய சைக்கிளைத் தெருவில் பால் ஊற்ற வரும் பையனிடம் கொடுத்துவிட்டு நடந்தே அலுவலகம் போனார். பாட்டி அந்தக் கதையை வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து சித்தப்பாவை மனநல மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அவர் திரும்பி வந்தபின் அதே பாட்டி அதே கதையை அதே திண்ணையில் அமர்ந்து சொன்னாள், ஆனால் இப்போது அது “அப்பவே நமக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்று முடிந்தது. சைக்கிள் மாறவில்லை, பால்காரப் பையன் மாறவில்லை. உள்ளறையில் அமர்ந்து சித்தப்பா அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக வெளியே ஓடிவிடுவோம்.

க்ரீனுக்கு நடந்ததும் இதுதான். தேவைக்கு மிஞ்சிய பணத்தைத் தானமாகக் கொடுத்துவிடலாம் என்று அவர் குழுவினரிடம் சொன்னார், அவர்கள் ஏற்கவில்லை. 1970 மே மாதத்தில் அவர் விலகிவிட்டார். அப்போது ஐரோப்பாவில் புகழின் உச்சியில் இருந்த குழு அது. ‘ஆல்பட்ராஸ்’ பிரிட்டனில் முதலிடத்தையும் ‘மேன் ஆஃப் தி வேர்ல்ட்’, ‘ஓ வெல்’ இரண்டும் இரண்டாமிடத்தையும் பிடித்திருந்தன. இதை விட்டு வருபவன் பைத்தியமாகத்தான் இருக்கவேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த விலகல் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். 1967இல் இருபது வயதில் தன் குழுவைத் தொடங்கியபோது, ஜான் மேயாலின் குழுவில் எரிக் கிளாப்டனின் இடத்தை நிரப்பிப் பெயர்பெற்றிருந்த அவர், அதற்குத் தன் பெயரைச் சூட்டவில்லை. டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் பெயரையும் பாஸ் கிடார் வாசிக்கும் ஜான் மெக்வீயின் பெயரையும் சேர்த்து வைத்தார். மெக்வீ அப்போது குழுவில் சேர்ந்திருக்கவே இல்லை! மறு ஆண்டு முதல் ஆல்பத்தின் அட்டையில் ‘பீட்டர் க்ரீன்’ஸ் ஃப்ளீட்வுட் மேக்’ என்று அச்சாகிவிட்டது. பெயரை விற்கத் தெரிந்தவர்கள் விற்றார்கள். முதல் நாளிலேயே ஒதுங்கி நின்ற ஒருவர் மூன்று ஆண்டுகள் கழித்து வாசலைத் தாண்டியதில் எனக்கு வியப்பில்லை.

இப்போது இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் மட்டும் தனியாக நிற்கும் முதல் இசைத்தட்டு அது. அதில் அவர் ஒரு சொல்கூடப் பாடவில்லை. எல்லாம் இருந்தும் துயரப்படும் ஒருவனை ‘மேன் ஆஃப் தி வேர்ல்ட்’ பாடலில் அப்படிப் பாடிக்காட்டிய அந்தக் குரல், தன் பெயர் அட்டையில் ஏறியதும் வாய்மூடிக்கொள்கிறது. நீங்கள் குறை என்று எழுதியிருக்கும் ‘பாட்டு இல்லை’ என்பதுதான் அதன் முதல் முடிவு, எஸ். சீருடை போலத் தன்மீது மாட்டப்பட்டிருந்த துயரக் குரலை அவர் கழற்றிவைத்தார் என்றே நான் கேட்கிறேன்.

தொடக்கமும் முடிவும் இல்லை என்கிறீர்கள். பியானோவில் ஸூட் மணியும் டிரம்ஸில் காட்ஃப்ரி மக்லீனும் மற்றவர்களும் சேர்ந்து, முன்தீர்மானம் ஏதுமின்றி நெடுநேரம் வாசித்ததை வெட்டி எடுத்த ஆறு துண்டுகள் அவை. நான் முதன்முதலில் நண்பனின் கேசட்டில் கேட்டபோது நாடா பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பென்சிலை விட்டுச் சுற்றினேன், ஆகவே உங்கள் குழப்பம் எனக்குப் புரிகிறது. ஆனால் கட்டற்றுப் பிதற்றுபவர் வெட்டுவாரா? மணிக்கணக்கான வாசிப்பிலிருந்து ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிடத்தை மட்டும் எடுத்து வெளியிட்டதில் ஒரு தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வு எல்லா இடத்திலும் வென்றது என்று சொல்லமாட்டேன். ‘பாட்டம்ஸ் அப்’ தேவைக்கு அதிகமாக நீள்கிறது, கிடாரை அழுகுரல்போல ஒலிக்கவைக்கும் வா-வா பெடலை அவர் விட்டுத் தொலைத்திருக்கலாம் என்று எனக்கே பலமுறை தோன்றியிருக்கிறது. தோல்வியுற்ற இசைத்தட்டு என்று நீங்கள் எழுதியிருந்தால் உட்கார்ந்து வாதிட்டிருப்பேன். தோல்வியடையும் உரிமை பித்தில்லாதவர்களுக்கும் உண்டல்லவா?

இன்னொன்று. அந்த இசைத்தட்டு வெளிவந்து சில வாரங்களில், 1971 பிப்ரவரியில், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே ஃப்ளீட்வுட் மேக்கின் மற்றொரு கிடார் கலைஞரான ஜெரமி ஸ்பென்சர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மதக் குழுவோடு சேர்ந்துகொண்டு போய்விட்டார். பயணம் நின்றுபோகும் நிலை. அவர்கள் யாரை அழைத்தார்கள் தெரியுமா? க்ரீனை. அவர் கடல் கடந்து வந்து மீதி நிகழ்ச்சிகளை வாசித்து முடித்துக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். உங்கள் ‘பைத்தியம்’ செய்த காரியம் இது.

கேள்வியை மறந்தே விட்டேன். 1979இல் வெளிவந்த ‘இன் தி ஸ்கைஸ்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். நீங்கள் தேடும் மெட்டு அதில் இருக்கிறது. உடன் வாசிக்கும் ஸ்னோயி வைட்டின் கிடாரை க்ரீனுடையது என்று மயங்காமல் மட்டும் கேளுங்கள். நிறுத்திக்கொள்ளலாமா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்யவேண்டும். அதற்கு முன் பழைய தட்டிலுள்ள ‘டைம்லெஸ் டைம்’ பகுதியை இரவில் தனியாக ஒருமுறை கேளுங்கள். மூன்று நிமிடம்கூட இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள், திட்டியாவது எழுதுங்கள்.

அன்புடன்.