நாயோடு கீரிமலைக் கரையில்

கேள்வி: எங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு கீரிமலைப் பக்கம் கடலோரமாக நீள நடக்க ஆசை. அந்தக் கல்லுக்கரை நாய்க்கு ஒத்துவருமா?
- தெல்லிப்பளை வாசகி

பதில்: ஒத்துவரும், ஆனால் கல்லைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அங்கே கரை மணல் இல்லை, சுண்ணாம்புக்கல். அலை அரித்து அரித்து அதன் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். எனக்குச் சப்பாத்து இருந்தது, எங்கள் நாய் வீரனுக்கு ஏது? பாதி வழியில் கல்லில் சின்னச் சின்ன இரத்தப் பொட்டுகளைக் கண்டபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். முன்காலின் மெத்தை பிளந்திருந்தது. பதினெட்டுக் கிலோ, தோளில் தூக்கித்தான் வந்தேன். இப்போது கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நின்று நான்கு பாதங்களையும் விரித்துப் பார்க்கிறேன்.

விடியப் போங்கள். புறங்கையைக் கல்லில் 7 விநாடி வைக்க முடியாவிட்டால் அது நாய்க்கும் சூடுதான். தண்ணீர்ப் போத்தல் நாய்க்கென்று தனியாக. தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் சத்தியும் வயிற்றோட்டமும் வரும். சனம் தீர்த்தமாடும் கேணி பக்கத்தில் இருக்கிறதே என்று அதற்குள் இறக்கிவிடாதீர்கள், ஊர் முழுக்க ஏசும்!

அப்புறம், கரையொதுங்கிக் கிடக்கும் பேத்தை மீன், உடம்பை ஊதிக்கொள்ளும் நச்சு மீன். செத்துக் காய்ந்தாலும் நஞ்சு போகாது. வீரன் மணந்துகொண்டு போனாலே கயிற்றை இழுத்துவிடுவேன். வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.