பெட்டி இறங்கி வந்துவிட்டது; அப்பா?

கேள்வி: எனக்கு வயது 44. ஏற்காட்டில் தனியே இருக்கும் அப்பா, நான் சிறுமியாக இருந்தபோது இரவுதோறும் வாசித்துக் காட்டிய அம்புலிமாமா தொடர்கதைகளையும் வாண்டுமாமா நாவல்களையும் போன மாதம் டிரங்குப் பெட்டியோடு கொண்டு வந்தேன். தொடர்கதைகளை அவரே கோணி ஊசியால் தைத்து பைண்டு செய்திருந்தார். க்ளாக்கோமாவால் இப்போது எழுத்து தெரிவதில்லை என்று, ‘நீயே எடுத்துக்கொண்டு போ’ என்றார். இரவில் அவற்றைப் படித்தால் அப்படி ஒரு நிம்மதி. கணவரும் ஆறாம் வகுப்பு படிக்கும் மகளும் கேலி செய்கிறார்கள். இந்த வயதில் இது சிறுபிள்ளைத்தனமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: இதே கேள்வியைப் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள், ‘தவறே இல்லை, தாராளமாகப் படியுங்கள்’ என்ற ஒரு வரி அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. உங்களுக்கு அதை எழுத மனம் வரவில்லை. அப்பாவுக்கு எழுத்து தெரிவதில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே உங்கள் நிம்மதிக்குப் போய்விட்டீர்கள்.

மாதாமாதம் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தன் கையால் தைத்துக் காப்பாற்றிய ஒருவர், ‘நீயே எடுத்துக்கொண்டு போ’ என்று எந்த மனநிலையில் சொல்லியிருப்பார்? ஒரு பக்கம் வாசித்துக் காட்டேன் என்று எந்தத் தகப்பனும் மகளிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டார். நீங்களும் மறுபேச்சில்லாமல் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டீர்கள்.

ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்பதற்காகவே உண்டான கதைகள் இவை. வேதாளம்கூட விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டுதான் கதை சொல்கிறது. லூயிஸ் கரோல் எழுதி 1865இல் அச்சான ‘அற்புத உலகில் ஆலிஸ்’ கதை, அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, படகில் உடன் வந்த மூன்று சிறுமிகளுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. மந்திரவாதிக்கு உங்கள் அப்பா எந்தக் குரல் கொடுத்தார், எந்த இடத்தில் நிறுத்தி ‘மீதி நாளைக்கு’ என்றார் என்பதெல்லாம் இன்னும் உங்கள் காதில் இருப்பதால்தான் உங்களுக்கு அந்த நிம்மதி கிடைக்கிறது. அதைக் கொடுத்தவர் மலைமேல் தனியே உட்கார்ந்திருக்கிறார்.

பார்வை போன ராஜாவுக்காக மூலிகை தேடி ஏழு மலை தாண்டிப் போகும் கடைசி இளவரசனின் கதையை நீங்கள் படிக்காமல் இருந்திருக்க முடியாது. சின்ன வயதில் நாம் இளவரசனோடு குதிரையேறிப் போய்விடுகிறோம். நாற்பதைத் தாண்டிப் படிக்கிறவருக்கு அரண்மனையில் காத்திருக்கும் ராஜா கண்ணில் பட வேண்டும். படவில்லை என்றால் அதைத்தான் நான் சிறுபிள்ளைத்தனம் என்பேன். க்ளாக்கோமா பறித்த பார்வையைத் திருப்பித் தரும் மூலிகை எங்கும் கிடையாது. மிச்சமிருப்பதைக் காக்கச் சொட்டு மருந்து உண்டு. அதை அவர் வேளை தவறாமல் விட்டுக்கொள்கிறாரா என்று என்றைக்காவது கேட்டீர்களா? உங்களுக்கு ஏழு மலையும் இல்லை, 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். பெற்றவர்களுக்குப் பணம் அனுப்புவதும் மருந்து வாங்கித் தருவதும் கடமையில் பாதிகூட ஆகாது, பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பைண்டை எடுத்துக்கொண்டு மகளோடு மேலே போங்கள். கேலி செய்கிற கணவரே வண்டி ஓட்டட்டும். எந்தக் கதை வேண்டும் என்று அப்பாவையே கேளுங்கள். வேகமாக வாசிக்காதீர்கள். படம் வரும் பக்கத்தில் நிறுத்தி, அதில் யார் யார் நிற்கிறார்கள், வாள் எந்தக் கையில் இருக்கிறது என்று உங்கள் மகள் தாத்தாவுக்குச் சொல்லட்டும். ‘தொடரும்’ என்று வந்ததும் மூடி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு துண்டு வசம்போடு பைண்டை அவர் அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கீழே கொண்டு வந்தால் மீதியை நீங்கள் அன்றிரவே தனியாகப் படித்து முடித்துவிடுவீர்கள்.