கவரில் திகதியை எழுதி வையுங்கள், தம்பி

போன மாதம் லண்டன் வந்து சேர்ந்த திருகோணமலை உவர்மலைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: இலங்கை கேட்டால் பிடித்து அனுப்பிவிடுவார்களா, அப்பீல் உண்டா, வாடகை எவ்வளவு, குளிர் எப்படி?

வாடகையும் குளிரும் தானாகத் தெரியவரும், விடுங்கள். மற்றதில் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். அசைலம், அதாவது அடைக்கலம் கேட்டதை மறுத்துத் திருப்பி அனுப்புவது ஒன்று. குற்ற வழக்குக்காக ஒரு நாடு ஆளைக் கேட்பது வேறு. நம் ஆட்கள் இரண்டையும் 'நாடு கடத்தல்' என்று சொல்லியே பயமுறுத்துவார்கள். இங்கே வந்து இருபது வருஷம் ஆனால் எல்லாருக்கும் தாங்கள் லோயர் என்ற நினைப்பு.

ஆளைக் கேட்டால் வழக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துக்குப் போகும். ஆளை ஒப்படைப்பது பற்றிய 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதி மனித உரிமையையும் பார்க்க வேண்டும். பிறகு உள்துறை அமைச்சர் ஒப்படைக்கக் கட்டளையிட்டாலும், 14 நாளுக்குள் ஹைகோர்ட்டில் அப்பீலுக்கு அனுமதி கேட்கலாம். அசைலம் கேஸ் முடியும்வரை ஒப்படைக்கவும் முடியாது.

உங்களுக்கு வரக்கூடியது அசைலம் மறுப்புதான். ட்ரைபியூனலுக்கு, அதாவது குடிவரவு வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்கு, அப்பீல் போட அதற்கும் 14 நாள்தான். கவனம், கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து இல்லை, அனுப்பிய நாளிலிருந்து.

எனக்கு மறுப்புக் கடிதம் வந்தபோது ஈஸ்ட்ஹாமில் ஓர் அறையில் ஏழு பேர் படுத்திருந்தோம். கேஸ் எழுதிக் கொடுக்கிற ஊரவர் ஒருவர் "நான் பார்க்கிறன்" என்று நானூறு பவுண் வாங்கினார். கடிதம் அவருடைய கார் டேஷ்போர்டிலேயே வெயில் காய்ந்தது. கெடு தாண்டிப் போய், பிந்தியதற்குக் காரணம் எழுதிக் கெஞ்சித்தான் அப்பீலை எடுக்க வைத்தேன்.

அதைவிட மோசம் அவர் எழுதிய கதை. அதில் நான் திருகோணமலைக் குடாவுக்கு அக்கரையில் இருக்கிற மூதூரில் கடை வைத்திருந்தேனாம். எந்தத் தெருவில் என்று விசாரணையில் கேட்டார்கள். லாஞ்சுப் படகில் இரண்டு தடவை போய் வந்தவனுக்குத் தெருப்பெயர் எங்கே தெரியும்? நான் உண்மையில் பட்டது அந்தக் கதையை விடப் பெரிது, ஆனால் அதை நம்ப வைக்க இன்னும் மூன்று வருஷம் போயிற்று.

ஆகவே பதிவு உள்ள ஆலோசகரிடமோ சொலிசிட்டரிடமோ போங்கள். பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது இங்கே குற்றம். கையில் காசில்லாவிட்டால் லீகல் எய்ட், அதாவது அரசு செலவில் சட்ட உதவி, கேளுங்கள். சொந்தக் கதையைச் சொந்த வாயால் சொல்லுங்கள்.

இப்போது எந்தக் கடிதம் வந்தாலும் கவரில் திகதி எழுதித்தான் கோப்பில் வைப்பேன். கரண்ட் பில்லுக்கும் அப்படித்தான். போன முறை ஊருக்குப் போனபோது கிண்ணியாப் பாலத்தால் மூதூருக்குப் போய், ஒவ்வொரு தெருவின் பெயரையும் சத்தமாக வாசித்துக்கொண்டு நடந்தேன். மனிசி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.