பீக்கிங், பெய்பிங், பெய்ஜிங்: பழைய வரைபடத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: ஆண்டு குறிப்பிடாத பழைய உலக வரைபடம் ஒன்றும் சீனத் தபால் உறைகள் சிலவும் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் சிலவற்றில் பீக்கிங், சிலவற்றில் பெய்பிங். இரண்டும் இன்றைய பெய்ஜிங்தானா? காலத்தைக் கணிக்க முடியுமா?

பதில்: ஒரே ஊர்தான். உங்களுக்கு அதிகம் கைகொடுப்பது பெய்பிங் என்ற பெயர். ‘ஜிங்’ என்றால் தலைநகர். நான்ஜிங்கைத் தலைநகராகக் கொண்ட தேசியவாத அரசு, 1928-இல் இந்த ஊர் தன் வசமானதும் ‘ஜிங்’கை எடுத்துவிட்டு பெய்பிங் ஆக்கியது. 1937-இல் ஜப்பானியர் அமைத்த நிர்வாகம் பழைய பெயரைத் திருப்பிக் கொண்டுவந்தது. 1945-இல் மறுபடி பெய்பிங்; 1949 செப்டம்பரில் மறுபடி பெய்ஜிங். ஆக, தபால் முத்திரையில் பெய்பிங் என்றிருந்தால் 1928–37 அல்லது 1945–49.

சீன எழுத்தையும் பாருங்கள். இரண்டு பெயருக்கும் ‘பெய்’ பொது. மற்ற எழுத்தின் நடுவில் சிறு கட்டம் இருந்தால் ‘ஜிங்’. கட்டமே இல்லாமல் நெடுங்கோடு ஒன்று கீழே இறங்கினால் ‘பிங்’. பழைய அச்சில் வலமிருந்து இடமாகவும் எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம். முத்திரையில் சீனக் குடியரசு ஆண்டு இருந்தால் அதனுடன் 1911-ஐக் கூட்டுங்கள்: 25 என்றால் 1936.

வரைபடத்தில் ஊர்ப் பெயரை மட்டும் நம்பக்கூடாது. ஜப்பானியர் செய்த மாற்றத்தைச் சீன தேசிய அரசு ஏற்கவில்லை. அதனால் 1937-க்குப் பின் அச்சான வரைபடத்திலும் பெய்பிங் வரலாம். மஞ்சுகுவோ (வடகிழக்குச் சீனாவில் ஜப்பான் அமைத்த பொம்மை அரசு) தனி நாடாக இருந்தால் 1932–45 காலத்து நிலவரம்; பாகிஸ்தான் இருந்தால் 1947-க்குப் பிந்தையது. தைவானில் அச்சானதா என்றும் பாருங்கள். அங்கே 1949-க்குப் பிறகும் பல்லாண்டுகள் பெய்பிங் என்றே போட்டார்கள்.

பீக்கிங் அவ்வளவாக உதவாது. 1928-க்கு முன்பும் 1949-க்குப் பின்பும் ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கூட்டல்தான். சீனா, சீனச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும் தன் பின்யின் முறையை வெளிநாட்டு மொழி ஆவணங்களில் 1979 முதல் கட்டாயமாக்கிய பிறகே ‘பெய்ஜிங்’ உலகெங்கும் பரவியது. பெய்ஜிங் தலைநகர் விமான நிலையத்தின் குறியீடு மட்டும் இன்னும் பீக்கிங்கை நினைவூட்டும் ‘பிஇகே’ (PEK)தான்.

இன்னும் பழைய பிரதிகளில் கம்பலுக் என்று கண்டால், அது மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் கட்டிய ‘தாது’ (Dadu) நகரம், இதே ஊர். பத்தாம் நூற்றாண்டு லியாவ் அரசின் ‘நான்ஜிங்’கும் இதுவே, இன்றைய நான்ஜிங் அல்ல.