தொடக்கநிலை 5-லேயே கால்குலேட்டர் கொடுத்தால் வாய்ப்பாடு மறந்துபோகாதா?

கேள்வி: மகள் இந்த ஆண்டு தொடக்கநிலை 5. பள்ளியில் கால்குலேட்டர் வாங்கச் சொல்லிவிட்டார்கள். மனக்கணக்கு போய்விடுமோ என்று பயம். வீட்டில் ஒளித்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வின் கணிதத்தில் முதல் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது, இரண்டாம் தாளுக்கு உண்டு. 2009-லிருந்து இதுதான் நடைமுறை. வாய்ப்பாட்டுக்கு முதல் தாளே காவல். அதற்கான பயிற்சியில் மட்டும் கருவியை மேசையில் வைக்காதீர்கள். இரண்டாம் தாள் பயிற்சிக்குக் கட்டாயம் கொடுங்கள், ஏனென்றால் அங்கே விசையைத் தப்பாக அமுக்கியே மதிப்பெண் போவதுண்டு.

சராசரிக் கணக்கையே பாருங்கள். 38, 45, 52 மூன்றுக்கும் சராசரி வேண்டும். பிள்ளை 38 + 45 + 52 ÷ 3 என்று ஒரே மூச்சில் அமுக்குவாள். கருவி வகுத்தலை முதலில் செய்யும், 52-ஐ மட்டும் மூன்றால் வகுக்கும். திரையில் 301/3 என்று வரும், தசமமாக்கினால் 100.33. சரியான விடை 45. கூட்டலை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்க வேண்டும், அல்லது கூட்டியதும் ஒருமுறை சமக்குறி அமுக்கிவிட்டுப் பிறகு வகுத்திருக்க வேண்டும். தப்பைக் கண்டுபிடிக்க மறுபடி அமுக்கத் தேவையே இல்லை: இருப்பதிலேயே பெரிய எண் 52, சராசரி அதைத் தாண்டுமா? விசையைத் தொடும் முன் உத்தேச விடையைப் பென்சிலால் ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதித் தப்பைப் பிடித்துவிடும்.

கலப்பு எண்ணிலும் தடுமாறுவார்கள். 2 அமுக்கிவிட்டுப் பின்ன விசையைத் தொட்டால் அந்த 2 மேலே ஏறித் தொகுதியாகிவிடும். முதலில் ஷிஃப்ட், பிறகு பின்ன விசை. அப்போதுதான் மூன்று கட்டங்கள் வரும். நேரக் கணக்கில் 2.25 மணி என்று வந்தால் '2 மணி 25 நிமிடம்' என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். அது 2 மணி 15 நிமிடம். தசமப் பகுதியை 60-ஆல் பெருக்க வேண்டும்.

உயர்நிலைக்குப் போனதும் வேறு இரண்டு வம்பு. ஒன்று, கோண அலகு. திரையின் மேலே சின்னதாக டி (டிகிரி), ஆர் (ரேடியன்), ஜி (கிரேடியன்) என்று ஏதாவது ஓர் எழுத்து இருக்கும். சைன் 30 அமுக்கினால் டிகிரியில் 0.5, ரேடியனில் −0.988. தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக சைன் 30 அமுக்கிப் பார்க்கட்டும்.

மற்றது, பாதி வழியில் எண்ணை முழுமையாக்குவது, அதாவது தசம இலக்கங்களைச் சுருக்குவது. இதற்குத்தான் நல்ல மாணவர்களும் பலியாகிறார்கள். செங்கோண முக்கோணத்தில் அடிப்பக்கம் 8 செ.மீ., கோணம் 37°. உயரம் 8 × டான் 37°, அதாவது 6.02843. அந்த உயரத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரத்தின் பரப்பளவு அடுத்த கேள்வி. 6.03 என்று சுருக்கி வர்க்கமாக்கினால் 36.4 வரும். முழு எண்ணையும் வைத்துச் செய்தால் 36.3. உயர்நிலை இறுதித் தேர்வான ஓ லெவலில், தசமம் நீண்டுகொண்டே போகும் விடையை மூன்று முக்கிய இலக்கத்துக்குக் கேட்பார்கள், ஆகவே 36.4 தவறு. தாளில் 6.028 என்று எழுதிக்கொள்ளலாம், ஆனால் கணக்கைத் தொடரும்போது முந்தைய விடையை அப்படியே தரும் ஆன்ஸ் விசையையோ, ஏ என்ற நினைவகத்தில் சேமித்ததையோதான் எடுக்க வேண்டும். எழுதியதைப் பார்த்துத் திரும்ப அமுக்கக் கூடாது.

படிநிலைகளை எழுதாமல் விடையை மட்டும் போடும் வழக்கத்தையும் தொடக்கத்திலேயே நிறுத்துங்கள். விசை பிசகினால் வழிமுறைக்கான மதிப்பெண்ணும் சேர்ந்து போகும்.

வாங்கும் விஷயம்: ஊரிலிருந்து வந்த பழைய கருவியையோ, அண்ணன் பாலிடெக்னிக்கில் வைத்திருந்ததையோ கொடுத்துவிடாதீர்கள். சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்தின் அனுமதிப் பட்டியலில் உள்ள மாடல்தான் வேண்டும். மாடல் எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். காசியோ எஃப்எக்ஸ்-97எஸ்ஜி எக்ஸ் போன்றவற்றில் நடுவே வரும் 'எஸ்ஜி' இங்குள்ள மாடலுக்கான அடையாளம். அது இல்லாத, பார்க்க அதே மாதிரி இருக்கும் கருவி வேறு. வாங்கியதை ஆண்டு நடுவில் மாற்றவும் வேண்டாம், விசை இருக்கும் இடம் விரலுக்குப் பழகச் சில வாரம் பிடிக்கும்.